பாயான் பாருவில் என்ன இருக்கு?

ஆறாம் அத்தியாயம்

பினாங்கின் பாயான் பாரு மார்க்கெட்டுக்குள் காலை ஏழு மணிக்கு நுழைந்து, எதுவும் வாங்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். மீன்கடையில் மலாய்க்கார அம்மா "கெம்போங் அடா?" என்று கேட்பார். அடுத்த கடையில் ஹொக்கியனில் "ஊ போ?" என்று இரண்டே அசையில் விஷயம் முடிந்துவிடும். "அண்ணே, முருங்கைக்கீரை இருக்கா?" என்பது நம்ம வீட்டு ஆள். இந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் ஒருவர் கூடையோடு வந்து ஏதாவது கேட்டால் மூன்று கடையிலிருந்தும் ஒரே பதில் வரும்: "காட், காட்!"

யாரும் கடவுளைக் கூப்பிடவில்லை. 'கிடைத்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'இருக்கு' என்ற வேலைக்கு இந்த நாட்டில் எல்லாரும் அமர்த்தி வைத்திருக்கிறோம். "ஹியர் காட் பேங்க் ஆர் நாட்?" என்று கேட்டால் "காட், பேக் சைட் காட் ஒன்" என்று வழி கிடைக்கும். பேங்குக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதைக் கேட்டு நக்கலடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மலாயில் 'அவரிடம் கார் இருக்கு' என்பதற்கும் 'அடா', 'இங்கே பேங்க் இருக்கு' என்பதற்கும் 'அடா'. ஹொக்கியனின் 'ஊ'வும் அப்படித்தான். நம்ம 'இருக்கு'வும் அப்படியேதான். மூன்று மொழிக்காரர்களும், கையில் இருப்பதற்கும் ஊரில் இருப்பதற்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். ஆங்கிலமோ இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது: கையில் இருப்பதற்கு 'ஹேவ்', ஊரில் இருப்பதற்கு 'தேர் இஸ்'. மூன்று மொழிக்காரர்கள் ஒன்றுகூடி அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்ததன் விளைவுதான் 'காட்'. தமிழ்நாட்டில் மலாயும் ஹொக்கியனும் இல்லாததால் அங்கே கோளாறு வேறு இடத்தில் முளைத்தது. "பவர் கட் இஸ் தேர்", "ஃபார் மீ டூ சில்ட்ரன் ஆர் தேர்" என்பார்கள். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் 'இருக்கு' உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அதே இடத்தில் ஆங்கிலச் சொல்லையும் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

கோப்பித்தியாமில் 'காட்' போதும். அங்கே இலக்கணம் பேசினால் டீ ஆறிப்போகும். ஆனால் இந்தத் தீவில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்த நாளிலிருந்து ஆங்கிலம் சோற்றுக்கான மொழியாகிவிட்டது. இன்டெல், ஏ.எம்.டி., ஹெச்.பி., நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி, லிட்ரானிக்ஸ், கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்களும் முதலில் வந்து இறங்கின. 'எட்டு சாமுராய்' என்று இன்றும் அவற்றைச் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கத்தான் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பாயான் பாருவையே கட்டியது. இன்டர்வியூவிலும், ஷிஃப்ட் மாறும்போது எழுதும் பாஸ்டவுனிலும், வெளிநாட்டு மேனேஜருக்குப் போகும் இமெயிலிலும் 'காட்' செல்லாது. இந்த அத்தியாயம் அந்த இடங்களுக்கானது.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் வாயில் ஏறட்டும், எழுத்து பின்னால் வரும்.

துண்டு போட்டுப் பிடித்த இடம்

'தேர் இஸ் எ பேங்க்.' இதில் 'தேர்' என்றால் என்ன? 'அங்கே' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். இந்த 'தேர்' எந்த இடத்தையும் காட்டவில்லை.

தமிழில் வினை கடைசியில் வரும். முதலில் எது வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் இருந்தே ஆகவேண்டும். சொல்லப்போகும் பொருள் புதிது, கேட்பவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், அதைத் திடுதிப்பென்று வாக்கியத்தின் தலையில் வைக்க ஆங்கிலம் கூசும். அதனால் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, 'தேர்' என்ற சொல்லைப் போட்டு எழுவாய் இடத்தைப் பிடித்துவிட்டு, உண்மையான ஆள் பின்னால் நிதானமாக வருகிறார். 'தேர் இஸ்' என்றதும் கேட்பவர் தயாராகிவிடுவார், ஏதோ புதுச் சேதி வருகிறது என்று.

உட்கார வந்தவர் ஒருவரா பலரா என்பதைப் பொறுத்து வினை மாறும். ஒன்று என்றால் 'தேர் இஸ்', பல என்றால் 'தேர் ஆர்'. "தேர் இஸ் எ கிளினிக் நியர் தி மார்க்கெட்." "தேர் ஆர் த்ரீ கிளினிக்ஸ் நியர் தி மார்க்கெட்." பேச்சில் முன்னது 'தேர்ஸ்' என்று சுருங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவசரத்தில் 'தேர்ஸ் த்ரீ கிளினிக்ஸ்' என்று சொல்வதைப் படங்களில் கேட்டிருப்பீர்கள். பேசும்போது அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எழுதும்போது வேண்டாம்.

உச்சரிப்புக்கு ஒரு வழி. தமிழில் 'தேர்' என்று எழுதினால் தைப்பூசத் தேர்தான் கண்ணில் நிற்கும். அந்தத் 'தே'வைப் போல இறுக்கிச் சொல்லக்கூடாது. 'அது', 'எதை' என்று சொல்லும்போது நடுவில் மெத்தென்று ஒரு 'த' வருகிறதே, அதுதான் இங்கே வேண்டும். மெதுவாக, அழுத்தமில்லாமல், ஓடிப்போகிற மாதிரி சொல்லுங்கள். 'அங்கே' என்று பொருள்படும் இன்னொரு 'தேர்' இருக்கிறதே, அதற்குத்தான் அழுத்தம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது வித்தியாசம் கேட்கும்: "தேர்ஸ் நோ பார்க்கிங் தேர்." முதலாவது லேசு, கடைசியது கனம்.

மேசை முதலா, சாவி முதலா?

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் புத்தகங்கள் 'எ', 'தி' என்று பல பக்கம் ஓட்டுவதைத் தமிழ் வாக்கியத்தின் வரிசையை வைத்தே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

"மேசை மேலே சாவி இருக்கு." "சாவி மேசை மேலே இருக்கு." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதைச் சொன்னவர், மேசை மேல் என்ன இருக்கிறது என்ற புதுச் சேதியைத் தருகிறார். இரண்டாவதைச் சொன்னவரிடம் யாரோ "சாவி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்தச் சாவி என்பது இருவருக்கும் தெரியும்; இடம் மட்டும்தான் புதிது.

இடம் முதலில் வந்தால் 'தேர் இஸ்': "தேர் இஸ் எ கீ ஆன் தி டேபிள்."

பொருள் முதலில் வந்தால் அதையே எழுவாயாக்குங்கள், 'தேர்' வேண்டாம்: "தி கீ இஸ் ஆன் தி டேபிள்."

சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலுக்கு ஒரு வெளிநாட்டு விருந்தாளியை அழைத்துப் போகிறீர்கள் என்று வையுங்கள். அவருக்குப் பாம்பு விஷயம் தெரியாது. வாசலில் நிறுத்தி "தேர் ஆர் லைவ் ஸ்னேக்ஸ் இன் திஸ் டெம்பிள்" என்கிறீர்கள். அவர் முகம் மாறும். உள்ளே போனதும் "வேர்? வேர்?" என்பார். இப்போது பாம்பு பழைய சேதி. "தி ஸ்னேக்ஸ் ஆர் ஆன் தோஸ் பிரான்ச்சஸ்" என்று சொல்ல வேண்டும். இங்கேயும் 'தேர் ஆர் ஸ்னேக்ஸ்' என்றே தொடங்கினால், முன்பு சொன்னதை விட்டுவிட்டு வேறு பாம்புகளைப் பற்றிப் புதிதாக ஆரம்பிப்பதுபோல் ஆகிவிடும்.

இதிலிருந்தே அடுத்த விதியும் வந்துவிடுகிறது. ஒரு பொருளை 'தேர்' போட்டு அறிமுகம் செய்தாயிற்று என்றால், அடுத்த வாக்கியத்தில் அது 'இட்', 'ஹி', 'ஷி', 'தே' ஆகிவிடும். பினாங்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குத் தாமதமானால் சூப்பர்வைசருக்கு போனில் இப்படிச் சொல்லலாம்: "தேர்ஸ் பீன் என் ஆக்சிடென்ட் ஆன் தி பிரிட்ஜ். தேர் ஆர் டூ கார்ஸ் அண்ட் எ லோரி. தி லோரி இஸ் பிளாக்கிங் தி லெஃப்ட் லேன். இட்ஸ் நாட் மூவிங்." விபத்தும் வண்டிகளும் புதிது, 'தேர்' வந்தது. லோரி இரண்டாம் முறை வரும்போது 'தி லோரி'. மூன்றாம் முறை வெறும் 'இட்'. பதிமூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் இதை மனப்பாடம் செய்ய எத்தனையோ காலைகளில் நேரம் கிடைக்கும்.

சில வேளை தமிழில் 'இருக்கு' வராமலேயே இதே வேலை நடக்கும். "கேட்டுலே யாரோ நிக்கிறாங்க", "தரையிலே ஒயர் கிடக்கு", "வாசல்லே ஒரு பை தொங்குது." இவை எல்லாம் இடம் முதலில் வந்த வாக்கியங்கள், எல்லாவற்றுக்கும் 'தேர்' உண்டு: "தேர்ஸ் சம்வன் ஸ்டாண்டிங் அட் தி கேட்." "தேர்ஸ் எ வயர் லையிங் ஆன் தி ஃப்ளோர்." நம்ம பிள்ளைகள் "ஒன் மேன் இஸ் ஸ்டாண்டிங் அட் தி கேட்" என்று எழுதுவார்கள். தப்பு என்று அடிக்க முடியாது. ஆனால் 'ஒருத்தர்' என்பதை 'ஒன்' என்று பெயர்த்த தமிழ் வாடை அதில் அடிக்கும்.

'தேர் இஸ்' வந்தால் பின்னால் 'தி' வராது என்று சில டியூஷன் ஆசிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் யாரிடம் உதவி கேட்பது என்று யோசிக்கும்போது "வெல், தேர்ஸ் தி செக்யூரிட்டி கார்டு" என்று ஆங்கிலேயர் சொல்வார். தெரிந்த ஆளைப் பட்டியலில் நினைவூட்டுகிறார், அவ்வளவே.

எனக்கு, என்கிட்ட

தமிழ் வாக்கியத்தில் 'எனக்கு', 'அவங்களுக்கு', 'உங்ககிட்ட' என்று ஆளோடு ஒட்டிய '-கு', '-கிட்ட' தென்பட்டால் நின்றுவிடுங்கள். அங்கே 'தேர்' வராது, 'ஹேவ்' வரும். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றால் "ஐ ஹேவ் டூ சில்ட்ரன்." "அவருக்குக் காய்ச்சல் இருக்கு" என்றால் "ஹி ஹேஸ் எ ஃபீவர்." கடையில் பொருள் கேட்கும்போதும் தமிழில் சொல்லாவிட்டாலும் 'உங்ககிட்ட' உள்ளே மறைந்திருக்கிறது. "முருங்கைக்கீரை இருக்கா?" என்பது கடைக்காரரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. ஆகவே "டூ யு ஹேவ் டிரம்ஸ்டிக் லீவ்ஸ்?" தான் இயல்பு. அதே கடையில் கழிவறை எங்கே என்று தெரியவேண்டும் என்றால், அது கடைக்காரரின் சரக்கு அல்ல: "இஸ் தேர் எ டாய்லெட் ஹியர்?"

ஆளுக்குப் பதில் வீடு, தாமான், தொழிற்சாலை என்று வந்தால் இரண்டும் நடக்கும். "தி ஃபிளாட் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்" என்றும் "தேர் ஆர் த்ரீ ரூம்ஸ் இன் தி ஃபிளாட்" என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "தேர் ஹேவ் த்ரீ ரூம்ஸ்" என்பதுதான் கூடாது. மலேசிய மாணவர் கட்டுரைகளில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுவாகத்தான் இருக்கும்; தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்ற வேறுபாடே கிடையாது. 'அடா', 'ஊ', 'இருக்கு' மூன்றும் உள்ளே இருந்து 'ஹேவ்', 'ஹேவ்' என்று தள்ளுகின்றன. 'காட்'டை விட இது மோசம் என்பேன். 'காட்' என்பவர் பேச்சுமொழி பேசுகிறோம் என்று தெரிந்தே பேசுகிறார்; 'தேர் ஹேவ்' எழுதுபவர் நல்ல ஆங்கிலம் எழுதுவதாக நம்பிக்கொண்டிருக்கிறார். ('தேர் ஹேவ் பீன்' மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.)

பாஸ்டவுன் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்வோம். "மெஷின் ஃபோர் காட் லீக்" என்று எழுதியிருக்கிறது. இதை "தேர் இஸ் எ லீக் இன் மெஷின் ஃபோர்" என்று மாற்றலாம், "மெஷின் ஃபோர் இஸ் லீக்கிங்" என்றும் சுருக்கலாம். நான் இரண்டாவதையே எழுதச் சொல்வேன். அடுத்த ஷிஃப்ட்காரருக்கு நாலாம் நம்பர் மெஷின் புதிது இல்லை, அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் புதிது. ஆனால் தரையில் எண்ணெய் தெரிகிறது, எந்த மெஷினில் இருந்து என்று தெரியவில்லை என்றால், அப்போது "தேர் இஸ் ஆயில் ஆன் தி ஃப்ளோர்" தவிர வேறு வழியில்லை.

அந்த 'ஆயிலு'க்கு முன்னால் 'எ' வரவில்லை, பின்னால் எஸ்ஸும் வரவில்லை. எண்ண முடியாதவை எல்லாம் இப்படி ஒருமையில் நிற்கும்: வாட்டர், ரைஸ், மணி, டிராஃபிக். இதில் நம்மை ஏமாற்றுபவை எண்ணலாம் போலத் தோன்றும் சொற்கள்தான். எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் நான்குக்கும் எஸ் கிடையாது. எத்தனை கிடந்தாலும் "தேர் இஸ் எ லாட் ஆஃப் எக்விப்மென்ட் இன் தி ரூம்" தான்.

இருக்கா, இல்லையா

கேள்விக்கு 'தேர்'ஐயும் வினையையும் இடம் மாற்றினால் போதும். "இஸ் தேர் எ பஸ் டு கொம்தார்?" "ஆர் தேர் எனி சீட்ஸ்?" பலவாக இருக்கக்கூடியதைக் கேட்கும்போது 'எனி'க்குப் பின் பன்மை வையுங்கள், 'எனி சீட்' என்று ஒருமையில் நிறுத்துவது நம்ம ஊர்ப் பழக்கம். எண்ணிக்கை கேட்பதானால் "ஹவ் மெனி ஸ்டெப்ஸ் ஆர் தேர்?" தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு முதல்முறை வரும் விருந்தாளி அடிவாரத்தில் நின்று கட்டாயம் கேட்கும் கேள்வி இது. "தேர் ஆர் ஃபைவ் ஹண்ட்ரட் அண்ட் தர்ட்டீன்" என்று பதில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். தைப்பூச நேரமாக இருந்தால் இன்னொரு வாக்கியமும் கைவசம் இருக்கட்டும்: "தேர் ஆர் டூ சாரியட்ஸ்." வெள்ளித் தேரோடு 2017 முதல் தங்கத் தேரும் ஓடுகிறது.

பதில் சொல்லும்போது ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 'எஸ், தேர் இஸ்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'எஸ், தேர்ஸ்' என்று சுருக்கி நிறுத்தக்கூடாது; சுருக்கியதற்குப் பின்னால் ஏதாவது வந்தே ஆகவேண்டும். 'நோ, தேர் இஸன்ட்' என்று மறுப்பைச் சுருக்கினால் பரவாயில்லை.

'இல்லை'க்கு இரண்டு வழி. "தேர் இஸன்ட் எனி வாட்டர்" என்பது சாதாரணம். "தேர் இஸ் நோ வாட்டர்" என்பதில் கொஞ்சம் வேகம் கூடுதல். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கின் பெரும்பகுதிக்குச் சில நாட்கள் தண்ணீர் நின்றதே, அப்போது வாட்ஸ்அப்பில் பறந்தவை எல்லாம் இந்த இரண்டாவது வகைதான். அறிவிப்புகளிலும் அதையே எதிர்காலத்தில் பார்க்கலாம்: "தேர் வில் பி நோ வாட்டர் சப்ளை." இரண்டு வழியையும் சேர்த்து 'இஸன்ட் நோ' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தீர்ந்துபோனதைச் சொல்ல நாம் "நோ மோர் ஆல்ரெடி", "ஃபினிஷ் ஆல்ரெடி" என்போம். மலாயின் 'ஹாபிஸ்', தமிழின் 'முடிஞ்சிருச்சு' இரண்டும் அதில் ஒளிந்திருக்கின்றன. 'லெஃப்ட்' என்ற சொல்லைப் பழகிக்கொண்டால் இது சுலபமாகத் தீரும்: "தேர்ஸ் நன் லெஃப்ட்" என்றால் ஒன்றும் மிச்சமில்லை, "தேர் ஆர் டூ லெஃப்ட்" என்றால் இரண்டு மிச்சம். நாசி கண்டார் கடையிலும் செல்லும், ஸ்டோர் ரூமிலும் செல்லும்.

இருந்தது, இருக்கும், இருந்திருக்கும்

காலம் மாறினால் 'தேர்' நகராது. பின்னால் உள்ள வினைதான் மாறும். நேற்று நடந்தது 'தேர் வாஸ்', 'தேர் வேர்'. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்றால் 'தேர் யூஸ்ட் டு பி'. பாயான் லெப்பாஸ் பக்கம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த ஒரு வடிவத்திலேயே ஒரு மணி நேரம் ஓடும்: "தேர் யூஸ்ட் டு பி பாடி ஃபீல்ட்ஸ் ஹியர்", இங்கே முன்பு வயல் இருந்தது. இதில் ஒருமை பன்மைக் கவலையே இல்லை என்பது கூடுதல் வசதி.

அந்தப் பெரியவர்களில் சிலரிடம் 'காட்' அவ்வளவாக வராது என்பதையும் கவனிப்பீர்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816-இல் தொடங்கியது. ஆங்கிலவழிப் பள்ளிகள் இங்கே நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நடந்தன. 1970 முதல் அவை படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. அதனால்தான் சில வீடுகளில் தாத்தா "தேர் இஸ் நோ ஹர்ரி" என்பார், பேரன் "நோ நீட் ரஷ் லா" என்பான். யாருடைய ஆங்கிலம் உசத்தி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தத் தாத்தா வீட்டில் இருந்தால், இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த காசை விட அவரோடு பேசும் மணிநேரம் லாபம்.

வரப்போவது 'தேர் வில் பி', அல்லது 'தேர் இஸ் கோயிங் டு பி'. தீவில் முத்தியாரா எல்.ஆர்.டி. பாதைக்கான வேலை 2025-இல் தொடங்கியது. அதைப் பற்றி விருந்தாளிக்குச் சொல்ல "தேர் இஸ் கோயிங் டு பி எ ட்ரெயின் லைன்" போதும். எப்போது என்று கேட்டால் சிரித்து வையுங்கள்.

'தேர் ஹேஸ் பீன்' கொஞ்சம் தனி. நடந்து முடிந்தது, ஆனால் அதன் பாதிப்பு இன்னும் கண்முன்னால் இருக்கிறது என்னும்போது வருவது. விபத்து நடந்து லோரி இன்னும் குறுக்கே கிடக்கிறது: "தேர் ஹேஸ் பீன் என் ஆக்சிடென்ட்." புகார்கள் வந்து குவிந்திருக்கின்றன: "தேர் ஹேவ் பீன் மெனி கம்ப்ளெய்ன்ட்ஸ்." மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். 'பீன்' கூட வந்தால் 'ஹேவ்' நல்ல பிள்ளை. தனியாக வந்தால் விரட்டிவிடுங்கள்.

ஊகத்துக்கு 'மஸ்ட்', 'மைட்'. உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ இருக்கணும்: "தேர் மஸ்ட் பி சம்வன் இன்சைட்."

'-ஆ இருக்கு'

மழையா இருக்கு. தூரமா இருக்கு. சூடா இருக்கு. 'இருக்கு'க்கு முன்னால் '-ஆ' ஒட்டியிருந்தால் அங்கே எந்தப் புதுப் பொருளும் அறிமுகமாகவில்லை, நிலைமையைத்தான் சொல்கிறோம். அதற்கு 'இட் இஸ்': "இட்ஸ் ரெய்னிங்", "இட்ஸ் ஃபார்", "இட்ஸ் ஹாட்." நேரமும் தேதியும் இந்தக் கூட்டத்தில்தான். 'ஜாமா இருக்கு' மட்டும் கட்சி மாறும், ஆங்கிலத்தில் ஜாம் ஒரு பொருள், ஆகவே "தேர்ஸ் எ ஜாம்."

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் சத்தமாகத் தமிழில் படித்துவிட்டு, இடம் முதலில் வருகிறதா, ஆள் வருகிறாரா, '-ஆ' வருகிறதா என்று பார்த்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எழுத வேண்டாம்.

மார்க்கெட் பக்கத்திலே ஒரு ஏ.டி.எம். இருக்கு. ஏ.டி.எம். மார்க்கெட் பக்கத்திலே இருக்கு. மழையா இருக்கு, உங்ககிட்ட குடை இருக்கா? கடையிலே ஒண்ணு இருக்கு. கேன்டீன்லே யாரும் இல்லை. ஸ்டோர்லே ரெண்டு பெட்டிதான் மிச்சம். நேத்து லைன்லே ஒரு பிரச்சினை இருந்துச்சு. எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

விடைகள்: "தேர்ஸ் என் ஏ.டி.எம். நியர் தி மார்க்கெட்." "தி ஏ.டி.எம். இஸ் நியர் தி மார்க்கெட்." "இட்ஸ் ரெய்னிங். டூ யு ஹேவ் என் அம்ப்ரெல்லா?" "தேர்ஸ் ஒன் இன் தி ஷாப்." "தேர்ஸ் நோபடி இன் தி கேன்டீன்", 'தேர் இஸன்ட் எனிபடி' என்றாலும் சரி. "தேர் ஆர் ஓன்லி டூ பாக்ஸஸ் லெஃப்ட் இன் தி ஸ்டோர்." "தேர் வாஸ் எ ப்ராப்ளம் ஆன் தி லைன் யெஸ்டர்டே." கடைசியது "ஐ ஹேவ் எ கொஸ்டின்." 'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொல்லாதீர்கள். நமக்கு 'சந்தேகம்' என்றால் தெரியாததைக் கேட்பது. இன்டர்வியூ எடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று கேட்கும்.